ஸ்பைடர்மேனை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸை மங்கா முந்திய கதை

2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' உலகம் முழுக்க ஏறத்தாழ 280 கோடி டாலர் வசூலித்தது. அதே ஆண்டு ஜப்பானில் 'டீமன் ஸ்லேயர்' என்ற மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, அனிமேவாக, அதாவது அனிமேஷன் தொடராக, தொலைக்காட்சியில் வரத் தொடங்கியது. அதற்கு முன் சில பத்து லட்சம் பிரதிகள் அளவில் இருந்த அந்த மங்கா, 2020 அக்டோபரில் 10 கோடியைத் தாண்டியது. எண்ட்கேமுக்குப் பிறகு அவெஞ்சர்ஸ் காமிக்ஸ் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால், சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. ஒரு சூப்பர் ஹீரோ இதழ் லட்சம் பிரதி போனாலே அது நல்ல மாதம் என்பதுதான் அங்கே படத்துக்கு முன்பும் நிலைமை, பின்பும் நிலைமை.

இத்தனை பெரிய விளம்பரம் கிடைத்தும் ஒரு பக்கம் புத்தகம் நகரவில்லை. இன்னொரு பக்கம் மலைபோல் விற்றது. இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். அமெரிக்கக்காரர்கள் கதையில் அரசியலைத் திணித்துவிட்டார்கள் என்பார் ஒருவர். மங்கா ஓவியம்தான் அழகு என்பார் இன்னொருவர். சூப்பர் ஹீரோவே சலித்துவிட்டது என்பது மூன்றாவது கட்சி. இந்த மூன்றாவது வாதம் ஒரே உதாரணத்தில் விழுந்துவிடும். அமெரிக்காவில் மிக நன்றாக விற்ற மங்காக்களில் ஒன்று 'மை ஹீரோ அகாடமியா'. கோஹேய் ஹோரிகோஷி 2014 முதல் 2024 வரை வரைந்தது, 42 தொகுதி. கதை என்ன? முகமூடி, உடுப்பு, சக்தி எல்லாம் உள்ள சூப்பர் ஹீரோக்கள் படிக்கும் பள்ளிக்கூடம். அமெரிக்கப் பையன்கள் ஜப்பானியர் எழுதிய சூப்பர் ஹீரோவை விரும்பி வாங்குகிறார்கள் என்றால் கோளாறு சூப்பர் ஹீரோவின் மேலங்கியில் இல்லை.

எங்கே கோளாறு என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப்போகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ரசனையைவிட ஏற்பாட்டைப் பற்றிய விஷயம். கதை யாருக்குச் சொந்தம், எந்தக் கடையில் விற்கிறது, அது முடிய அனுமதி உண்டா என்ற கேள்விகளில்தான் விடை இருக்கிறது.

எது சரிந்தது, எது சரியவில்லை

'அமெரிக்க காமிக்ஸ் செத்துவிட்டது' என்று பேசுவது தவறு. டேவ் பில்கியின் 'டாக் மேன்' புத்தகங்கள் பல பத்து லட்சக்கணக்கில் அச்சாகின்றன. ரெய்னா டெல்கெமியர் தன் பல் சிகிச்சை அனுபவத்தை வைத்து 2010இல் வரைந்த 'ஸ்மைல்', பள்ளிச் சிறுமிகள் கையில் வருடக்கணக்காகப் புழங்குகிறது. இவையும் அமெரிக்க காமிக்ஸ்தான்.

சரிந்தது மார்வெல், டிசி நிறுவனங்களின் மாத இதழ். ஊசி அடித்த 32 பக்க மெல்லிய புத்தகம். அதில் கதை சுமார் 20 பக்கம், மிச்சம் விளம்பரம். 1940களின் நடுவில் 'கேப்டன் மார்வெல் அட்வெஞ்சர்ஸ்' ஒரு இதழுக்கு 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அன்று விலை 10 சென்ட், மூலைக் கடையில் மிட்டாயோடு சேர்த்து வாங்கலாம். இன்று 4 அல்லது 5 டாலர், அதற்கென்று இருக்கும் தனிக் கடைக்குப் போக வேண்டும். ஆகவே இங்கே ஒப்பிடப்படுவது இரண்டு நாடுகள் அல்ல. அமெரிக்காவின் ஒரு குறிப்பிட்ட வகை மாத இதழும் ஜப்பானின் தொகுதிப் புத்தகமும்தான்.

'இவருக்குப் பதில் இவர்'

நம் மெகா சீரியல்களில் திடீரென்று ஒரு நாள் கீழே ஒரு வரி ஓடும்: 'இவருக்குப் பதில் இவர்'. மாமியார் வேடத்தில் வேறொருவர் வந்து அதே புடவையில் அதே கோபத்தோடு நிற்பார். இயக்குநர் மாறுவார், வசனகர்த்தா மாறுவார், சீரியல் ஓடிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் அந்த வேடம் தயாரிப்பாளருடையது. எழுதியவருடையதோ நடித்தவருடையதோ அல்ல. வருமானம் வரும்வரை கதைக்கு முடிவு கிடையாது. அதே சமயம், ஒரு நாவலாசிரியர் தன் நாவலை எழுதி முடித்துப் புள்ளி வைத்துவிட்டால் பதிப்பகம் வேறு ஆளை வைத்து அடுத்த அத்தியாயம் எழுத முடியாது.

அமெரிக்க சூப்பர் ஹீரோ மாத இதழ் அந்தச் சீரியல் மாதிரி. மங்கா அந்த நாவல் மாதிரி.

இதன் அடியில் இருப்பது 'ஒர்க் ஃபார் ஹயர்' என்ற சட்ட ஏற்பாடு. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு ஒருவர் உருவாக்கும் பாத்திரம், கதை, படம் எல்லாம் கூலி கொடுத்த நிறுவனத்துக்கே சொந்தம் என்பதே அதன் பொருள். சூப்பர்மேன் கதை இன்னும் பழையது: 1938இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் 130 டாலர் காசோலைக்கு சூப்பர்மேன் உரிமையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு வழக்கு, தோல்வி, வறுமை. 1975இல் பத்திரிகைகளில் விஷயம் வெடித்த பிறகுதான் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் 'படைத்தவர்கள்' என்று பெயர் போடுவதும் கிடைத்தது.

ஜப்பானில் பதிப்புரிமை பொதுவாக மங்காகா கையில் இருக்கும். மங்காகா என்பது மங்காவை எழுதி வரைபவர். பதிப்பகத்துக்கு வெளியிடும் உரிமை மட்டும். தொகுதி விற்க விற்க வரைந்தவருக்கு ராயல்டி. 1997இல் 'ஒன் பீஸ்' தொடங்கிய எய்இச்சிரோ ஓடாதான் இன்றும் அதை வரைகிறார். நூறு தொகுதிகளுக்கு மேல் போயும் 'இவருக்குப் பதில் இவர்' வரவில்லை. கொயோஹாரு கொத்தோகே 'டீமன் ஸ்லேயர்' கதையை 2020 மேயில் முடித்தார். அப்போது அது ஜப்பானிலேயே மிக அதிகமாக விற்றுக்கொண்டிருந்த தொடர். பொன்முட்டையிடும் வாத்து என்று தெரிந்தும் 205ஆவது அத்தியாயத்தோடு நிறுத்தினார்கள். மொத்தம் 23 தொகுதி, அவ்வளவுதான். ஒரு அமெரிக்க நிறுவனம் பேட்மேனை இப்படி நிறுத்துவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

அமெரிக்காவிலும் இந்த ஏற்பாட்டை உடைத்தவர்கள் உண்டு. 1992இல் டாட் மக்ஃபார்லேன், ஜிம் லீ உள்ளிட்ட ஏழு ஓவியர்கள் மார்வெலை விட்டு வெளியேறி இமேஜ் காமிக்ஸ் தொடங்கினார்கள். அங்கே படைத்தவருக்கே உரிமை. ராபர்ட் கிர்க்மேனின் 'தி வாக்கிங் டெட்' அங்கே 2003 முதல் ஓடி 2019இல், 193ஆம் இதழில், முன்னறிவிப்பு ஏதுமில்லாமல் முடிந்தது. ஆசிரியர் கையில் கதை இருந்தால் அமெரிக்காவிலும் கதை முடியும்.

பிசாசிடம் போன கல்யாணம்

முடியக்கூடாத கதைக்கு ஒரு விசித்திரமான விதி: மாறுவது போலத் தெரிய வேண்டும், ஆனால் மாறக்கூடாது. பாத்திரம் என்பது பொம்மை, டீசர்ட், படம் என்று பல வியாபாரங்களின் மூலதனம். அதை வாசகர்கள் அடையாளம் காணும் நிலையிலேயே வைத்திருந்தாக வேண்டும்.

ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் 1987இல் இதழிலேயே கல்யாணம் நடந்தது. இருபது ஆண்டுகள் அவர்கள் கணவன் மனைவி. 2007இல் 'ஒன் மோர் டே' என்று ஒரு கதை. பீட்டரின் மே அத்தை துப்பாக்கிக் குண்டு பட்டுச் சாகக் கிடக்கிறாள். மெஃபிஸ்டோ என்ற பிசாசு வந்து ஒரு பேரம் பேசுகிறது: அத்தை பிழைப்பாள், விலை உங்கள் கல்யாணம். இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். மறுநாள் காலை கல்யாணம் நடந்ததாகவே உலகத்தில் யாருக்கும் நினைவில்லை. பீட்டர் மறுபடி பிரம்மச்சாரி, அத்தை வீட்டில் கண் விழிக்கிறான்.

கல்யாணமான பீட்டர் கொஞ்சம் வயசாளியாகத் தெரிகிறான், இளைஞர்களுக்கு ஒட்டமாட்டான் என்பது ஆசிரியர் குழுவின் கவலை. கதையை எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியே அது முடிந்த விதத்தில் தனக்கு உடன்பாடு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இருபது வருடம் காசு கொடுத்துப் படித்தவன் நிலையை யோசியுங்கள். அவன் படித்ததெல்லாம் ஒரே இரவில் நடக்காதவை ஆகிவிட்டன.

இதன் பக்கத்தில் அகிரா தொரியாமாவின் 'டிராகன் பால்' கதையை வையுங்கள். 1984இல் வால் முளைத்த சின்னப் பையனாக வரும் கோகு, வளர்கிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகிறான். 1995இல் கதை முடியும்போது பேத்தி பான் போட்டியில் இறங்குகிறாள். அவனை இளைஞர்கள் வெறுக்கவில்லையே!

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சூப்பர் ஹீரோ நிறுவனத்தின் சொத்து, ஆகவே முடிய முடியாது, பெரிதாக மாறவும் முடியாது. மங்கா ஒரு ஆளின் படைப்பு, ஆகவே அதில் காலம் நகரும், ஒரு நாள் முடியும். இனி வாசகர் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

ஒன்றாம் நம்பர் எத்தனை?

படம் பார்த்துவிட்டு ஒரு பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஸ்பைடர்மேன் படிக்க ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இதழிலிருந்து தொடங்கலாம் என்று நினைப்பான். எந்த முதல் இதழ்?

'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 1963இல் 1ஆம் இதழோடு தொடங்கியது. 1998இல் 441ஆம் இதழ் வந்தது. 1999இல் மறுபடி 1. 2003இல் பழைய கணக்கையும் புதுக் கணக்கையும் கூட்டி 500 என்றார்கள். 2012 கடைசியில் 700. பிறகு பெயரை மாற்றி 'சுப்பீரியர் ஸ்பைடர்மேன்' 1. 2014இல் மறுபடி 'அமேசிங்' 1. 2015இல் இன்னொரு 1. 2017இல் திடீரென்று 789. 2018இல் 1. 2022இல் 1. 2025இல் 1. இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். எனக்கே தலை சுற்றுகிறது. கடையில் நிற்கும் பிள்ளைக்கு என்ன புரியும்?

இதற்குக் காரணம் எளிது. 1 என்று போட்டால் அந்த ஒரு இதழ் கூடுதலாக விற்கும், சேகரிப்பவர்கள் வாங்குவார்கள். அடுத்த மாதமே இறங்கத் தொடங்கும். சில வருடத்தில் மறுபடி 1 போடத் தோன்றும். இந்த நம்பர் குழப்பத்தோடு 'கன்டினியூட்டி' வேறு இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் எல்லா இதழ்களிலும் நடப்பவை ஒரே உலகத்தில் நடந்தவை, ஒன்றை ஒன்று பாதிக்கும் என்ற ஏற்பாடு அது. கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள நீங்கள் வாங்காத நான்கு இதழ்களையும் வாங்க வேண்டி வரும். முடிச்சு மிகவும் சிக்கலாகும்போது 'ரீபூட்' செய்வார்கள்: நடந்ததை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது. டிசி 1985இல் இதைப் பெரிய அளவில் செய்தது. 2011இல் ஒரே வீச்சில் 52 இதழ்களை 1 என்று மறுபடி தொடங்கியது. கொஞ்ச காலம் விற்பனை எகிறியது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

மங்கா அலமாரியில் இந்தத் தலைவலி கிடையாது. முதுகில் எண் இருக்கும்: 1, 2, 3. 'ஒன் பீஸ்' நூறைத் தாண்டியது உண்மை. அதைப் பார்த்து மலைப்பவர்கள் உண்டு. ஆனாலும் எது முதல் புத்தகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

கடை மாறியதும் வாசகர் மாறினார்

பழைய அமெரிக்காவில் காமிக்ஸ் பத்திரிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கம்பி ஸ்டாண்டில் தொங்கும். விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பலாம். பல இடங்களில் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிக் கழித்துக்கொள்வார்கள். 1970களில் அந்தக் கடைகள் குறைந்தன, விலை மலிவான காமிக்ஸில் லாபமும் இல்லை. அந்த நேரத்தில் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தபடி காமிக்ஸ் மாநாடுகள் நடத்திய ஃபில் சூலிங் ஒரு யோசனை சொன்னார். காமிக்ஸுக்கென்றே உள்ள கடைகளுக்கு நிறுவனங்கள் நேரடியாகக் கொடுக்கட்டும். தள்ளுபடி அதிகம் தரட்டும். பதிலுக்கு விற்காததைத் திருப்பக்கூடாது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'டைரக்ட் மார்க்கெட்' என்று பெயர்.

அந்தக் காலத்தில் அது தொழிலைக் காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பின்விளைவைப் பாருங்கள். திருப்ப முடியாது என்பதால் கடைக்காரர் நிச்சயம் விற்பதை மட்டும் வாங்குவார். நிச்சயம் விற்பது எது? ஏற்கெனவே வரும் வாடிக்கையாளர் ஏற்கெனவே படிக்கும் சூப்பர் ஹீரோ. புதிதாக ஒரு காதல் கதையோ சமையல் கதையோ வாங்கி வைத்து நஷ்டப்பட யார் தயார்? அதுவும் இதழ் வெளிவருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அட்டவணையைப் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும். ஆக, நிறுவனத்தின் வாடிக்கையாளர் வாசகர் இல்லை, கடைக்காரர்.

இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1991இன் 'எக்ஸ்மென்' 1ஆம் இதழ் சாட்சி. ஐந்து வேறு வேறு அட்டை, 80 லட்சத்துக்கு மேல் பிரதி. ஒரே ஆள் ஐந்தையும் வாங்கினார்; பின்னால் விலை ஏறும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார். கடைக்காரர்களும் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கினார்கள். எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்கு எப்படி விலை ஏறும்? குமிழி வெடித்தது, ஆயிரக்கணக்கான கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு போட்டது. அந்தச் சமயத்தில் குழந்தையாக இருந்தவர்களுக்குத் தெருமுனையில் காமிக்ஸ் பார்க்கும் வாய்ப்பே போய்விட்டது.

மங்கா அமெரிக்காவில் வேறு வாசல் வழியாக நுழைந்தது: பார்டர்ஸ், பார்ன்ஸ் அண்ட் நோபிள் போன்ற பொதுப் புத்தகக் கடைகள். அங்கே விற்காததைத் திருப்பலாம், ஆகவே தெரியாத புத்தகத்தையும் வாங்கி வைக்கக் கடைக்குப் பயமில்லை. 2002இல் டோக்கியோபாப் நிறுவனம் ஜப்பானில் உள்ளபடியே வலமிருந்து இடமாகப் படிக்கும் பதிப்புகளை, ஒரே அளவில், ஒரே விலையில் வரிசையாகக் கொண்டுவந்தது. பக்கங்களைக் கண்ணாடிபோல் திருப்பி அச்சடிக்கும் செலவும் மிச்சம். பெண் பிள்ளைகள் கடைத் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். காமிக்ஸ் கடைக்குள் கால் வைக்கவே கூச்சப்பட்டவர்கள் அவர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மங்கா ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் மங்கா விற்பனை 2007 வாக்கில் உச்சிக்குப் போய், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் பாதியாக விழுந்தது. 2011இல் பார்டர்ஸ் திவாலாகிக் கடைகளை மூடியது அந்த வீழ்ச்சியின் பெரிய அடி. ஓவியம் அப்போதும் அழகாகத்தான் இருந்தது, கதை அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. கடை போனதும் விற்பனை போனது. விநியோகம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

தபால் அட்டையின் அதிகாரம்

மங்கா எப்படித் தயாராகிறது என்பதைப் பார்க்க ஷூயேஷா பதிப்பகத்தின் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' ஒன்றே போதும். 1968இல் தொடங்கியது. சாணித் தாளில் தொலைபேசி டைரக்டரி கனத்தில், சுமார் இருபது தொடர்கள். ஒவ்வொன்றும் வாரத்துக்கு 19 பக்கம் வாக்கில். படித்துவிட்டு ரயிலிலேயே விட்டுப் போகும் அளவுக்கு மலிவு. 1994 இறுதியில் ஒரு வாரத்துக்கு 65 லட்சம் பிரதிக்கு மேல் போனது. இன்று அச்சுப் பிரதி அதில் ஒரு சிறு பங்கே.

இதழுக்குள் ஒரு தபால் அட்டை இருக்கும். இந்த வாரம் பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து அனுப்ப வேண்டும். அதை வைத்துத் தொடர்களின் செல்வாக்கு தீர்மானமாகும். தொடர்ந்து பின்தங்கும் தொடர் இதழின் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்படும்; வாசகர்களே 'இது தேறாது' என்று பேசத் தொடங்குவார்கள்; சில மாதத்தில் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். கொடூரமான முறைதான். ஆனால் ஒரு பதிமூன்று வயதுப் பையனின் அட்டைக்கு நேரடியாக மதிப்பு இருக்கிறது, நடுவில் கடைக்காரர் இல்லை.

பிழைத்த தொடரின் ஒன்பது பத்து அத்தியாயங்களைச் சேர்த்துச் சுமார் 190 பக்கத்தில் நல்ல தாளில் அச்சடிப்பார்கள். இதற்கு 'டாங்கோபோன்' என்று பெயர். நாம் கடையில் பார்க்கும் மங்காத் தொகுதி இதுதான். அதாவது நம் கைக்கு வருவது ஏற்கெனவே வாராவாரம் தேர்வெழுதித் தேறிய கதை. தோற்றவை கடல் தாண்டுவது அபூர்வம். மங்கா எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவதற்கு இந்த வடிகட்டலும் ஒரு காரணம்.

இன்னொன்று, வகைகள். கைப்பந்து பற்றி 45 தொகுதி ஓடிய 'ஹைக்யூ', கோ என்ற பலகை விளையாட்டைப் பற்றிய 'ஹிகாரு நோ கோ', மருத்துவர் கதைகள், அலுவலகக் காதல்கள். சிறுவர், சிறுமியர், வளர்ந்த ஆண்கள், வளர்ந்த பெண்கள் என்று தனித்தனிப் பத்திரிகைகள். இப்படிப்பட்ட பரப்பு அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இருந்தது. 1947இல் வந்த 'யங் ரொமான்ஸ்' போன்ற காதல் காமிக்ஸ் பெண்களிடம் சக்கைப்போடு போட்டது. 1954இல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று கூச்சல் கிளம்பி, செனட் விசாரணை நடந்து, பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்கே தணிக்கை விதிகள் எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் 'ஹாரர்' என்ற சொல் கூடாது, எப்போதும் நன்மையே வெல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. பேய்க் கதையும் குற்றக் கதையும் ஒழிந்தன. எஞ்சியவற்றில் சூப்பர் ஹீரோவை மட்டும் பின்னால் வந்த தனிக் கடைகள் வளர்த்தன.

சுருக்கமாக: அமெரிக்க ஏற்பாடு பழைய வாசகரைத் தக்கவைக்கும்படியும், ஜப்பானிய ஏற்பாடு புது வாசகரை வாராவாரம் கேட்கும்படியும் அமைந்துவிட்டன.

திரையிலிருந்து புத்தகத்துக்கு ஒரு பாலம்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். 'டீமன் ஸ்லேயர்' முதல் சீசன் பார்த்தவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரிய வேண்டும். கதை ஏழாவது தொகுதியில் தொடர்கிறது. 2020இல் வந்த 'முகென் டிரெயின்' படம் அந்த 7, 8 தொகுதிகளைத்தான் எடுத்துக்கொண்டது. படம் பார்த்தவர் அடுத்த தொகுதியை வாங்கலாம், அல்லது 1இலிருந்து படிக்கலாம். அனிமேவும் மங்காவும் ஒரே கதை, ஒரே வரிசை.

எண்ட்கேம் பார்த்தவருக்கு அப்படி ஒரு பாலம் கிடையாது. வில்லன் தானோஸ் விரலைச் சொடுக்கும் கதையின் மூலம் 1991இல் வந்த 'இன்ஃபினிட்டி காண்ட்லெட்'. ஆனால் படத்தில் பார்த்ததற்கும் அதற்கும் ரொம்ப தூரம். 2019இல் கடையில் இருந்த அவெஞ்சர்ஸ் இதழில் வேறு ஆட்கள், வேறு பிரச்சினை. படம் காமிக்ஸுக்கு ஆள் அனுப்பவில்லை. அடுத்த படத்துக்குத்தான் அனுப்பியது.

இதோடு விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 டாலருக்கு 20 பக்கக் கதை. 12 டாலருக்கு 190 பக்கம். முன்னது பக்கத்துக்கு 25 சென்ட், பின்னது 6 சென்ட். முன்னது வண்ணம், பின்னது கறுப்பு வெள்ளை என்ற நியாயம் உண்டு, ஆனால் கைச்செலவுக் காசில் வாங்கும் பிள்ளை அந்த நியாயம் பார்க்காது. தவிர, 2018 டிசம்பரில், மங்காவை ஆங்கிலத்தில் வெளியிடும் விஸ் மீடியா நிறுவனம் மாதம் 2 டாலருக்குக் குறைவான கட்டணத்தில் ஆயிரக்கணக்கான ஜம்ப் அத்தியாயங்களைத் திறந்துவிட்டது. 2019 ஜனவரியில் ஷூயேஷா தன் 'மங்கா பிளஸ்' செயலியில் புது அத்தியாயங்களை ஜப்பானில் வரும் அதே நேரத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகவே தந்தது. திருட்டு ஸ்கேன்களுக்கு அதுதான் சரியான பதில். பெருந்தொற்றில் எல்லோரும் வீட்டில் அனிமே பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தப் பாலங்கள் அனைத்தும் தயாராக இருந்தன. 2021இல் அமெரிக்க மங்கா விற்பனை முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் போனது. பிரான்சில் 18 வயதானவர்களுக்கு அரசு பண்பாட்டுச் செலவுக்கென்று 300 யூரோ கொடுத்தது. பிள்ளைகள் அதில் மங்கா வாங்கிக் குவித்தார்கள்.

நம் ஊருக்கும் இந்த அலை திரை வழியாகத்தான் வந்தது. 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸில் தொடங்கிய இரும்புக்கை மாயாவி பிரிட்டன்காரர், டெக்ஸ் வில்லர் இத்தாலிக்காரர். சிவகாசி வளர்த்த வாசகருக்கு அமெரிக்க சூப்பர் ஹீரோ இதழ் ஒருபோதும் அன்றாட உணவாக இருந்ததில்லை. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' தமிழ் டப்பிங்கிலேயே தியேட்டருக்கு வந்தது.

மங்காவின் மறுபக்கம்

ஒரே ஆள் என்பதில் ஆபத்தும் ஒரே ஆளுக்குத்தான். வாரம் 19 பக்கம் என்பது உதவியாளர்கள் இருந்தாலும் உடலை உருக்கும் வேலை. 'ஹன்டர் எக்ஸ் ஹன்டர்' வரையும் யோஷிஹிரோ தொகாஷி முதுகுவலியால் வருடக்கணக்கில் நிறுத்தி நிறுத்தித்தான் தொடர்கிறார்; 1998இல் தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. 'பெர்செர்க்' வரைந்த கென்தாரோ மியூரா 2021இல் 54 வயதில் இறந்தார். முப்பது ஆண்டுக்கு மேல் வாசகர் காத்திருந்த முடிவு அவரோடு போனது. அவர் சொல்லிக் கேட்ட கதையை நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் மியூராவின் உதவியாளர்கள் தொடர்கிறார்கள். அங்கே சீரியல் முறை இருந்திருந்தால் மறுமாதமே வேறொருவர் வந்திருப்பார் என்று அமெரிக்க காமிக்ஸ் ரசிகர் சொன்னால் என்னிடம் உடனடி பதில் இல்லை.

இப்போது என்ன செய்கிறார்கள்

2025 ஜனவரியில் டைமண்ட் திவால் மனு போட்டது. காமிக்ஸ் கடைகளுக்கான விநியோகத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் கிட்டத்தட்ட தனியாளாகக் கையில் வைத்திருந்த நிறுவனம் அது. டிசி 2020இலும் மார்வெல் 2021இலும் அதைவிட்டு விலகியிருந்தன. டிசி 2024இல் 'காம்பாக்ட் காமிக்ஸ்' என்று மங்கா அளவுக்குச் சுருக்கிய தடித்த புத்தகங்களை 10 டாலருக்கு விடத் தொடங்கியது. முழுக் கதை ஒரே புத்தகத்தில். நல்ல முயற்சி, கொஞ்சம் தாமதம்.

ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் படுவது அதே 2024இல் மார்வெல் கொண்டுவந்த 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்'. பழைய கணக்கு எதுவும் வேண்டாம் என்று தனி உலகத்தில், 1ஆம் இதழிலிருந்து, ஜோனதன் ஹிக்மேன் எழுதினார். அதில் பீட்டர் முப்பதைத் தாண்டியவன், தாடி வைத்திருக்கிறான், மேரி ஜேன்தான் மனைவி, இரண்டு குழந்தைகள். இளைஞர்களுக்கு ஒட்டாது என்று 2007இல் பிசாசிடம் கொடுத்த அதே குடும்பம். இதழ் பலமுறை மறு அச்சுப் போனது.

சொத்துரிமைக்கும் ஒரு கெடு உண்டு. அமெரிக்கச் சட்டப்படி 1938இன் முதல் சூப்பர்மேன் கதை 2034 ஜனவரி 1 அன்று பதிப்புரிமை முடிந்து பொதுச்சொத்து ஆகிறது. பேட்மேன் அடுத்த ஆண்டு. பிற்காலத்தில் சேர்த்த விஷயங்களும் வணிகச் சின்னங்களும் நிறுவனத்திடமே இருக்கும். ஆனால் அந்த முதல் சூப்பர்மேனை வைத்து, யாரிடமும் அனுமதி கேட்காமல், யார் வேண்டுமானாலும் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கதை எழுதலாம்.